வீட்டுக்கு வராத டீச்சர்

ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு ஆரம்பித்த அன்று, கணக்கு டீச்சர் கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டு அதன் மேல் மூன்று என்று எழுதினாள். கீழே நான்கு என்று எழுதுவதற்குள் அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

“டீச்சர், பெரிய சார் கூப்பிடறார். பாத்ரூம் போட்டோ இன்னும் ஏறலையாம். மேலேருந்து போன் மேல போன்.”

பள்ளிக் கழிப்பறையைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு படம், கழுவிய பின்னால் ஒரு படம் எடுத்துத் தினமும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அது கணக்கு டீச்சரின் வேலை. ஏன் அவள் வேலை என்றால், அவள் போனில்தான் படம் தெளிவாக விழுகிறது என்று யாரோ ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“நீங்க போய்ட்டு வாங்க டீச்சர். கீழ் நம்பரை நாங்களே யோசிச்சு வைக்கிறோம்” என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில்வண்டின் குரல் அது. வாய் ஓயாமல் பேசுகிற பெண் என்பதால் ஐந்தாம் வகுப்பிலேயே யாரோ வைத்த பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை. பெயின்டர் மகள். எண்ணெய் காணாத தலை, மை ஒழுகும் பேனா, கணக்கில் புலி. டீச்சர் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, “தப்பா டீச்சர்?” என்று அப்பாவியாகக் கேட்பாள். தப்பில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கழிப்பறைப் படத்தோடு போகிற வேலையா அது? பிள்ளைகளின் உயரம், எடை அளப்பது, இலவசச் செருப்பின் அளவைப் பதிவது, புழு மாத்திரை கொடுத்து அதை விழுங்கிவிட்டார்களா என்று வாய்க்குள் பார்ப்பது, குடிநீர்த் தொட்டியைப் படமெடுப்பது, அந்தத் தொட்டிக்கு மூடி இல்லை என்று எழுதுவது, மூடி ஏன் இல்லை என்று கேட்டு வருகிற கடிதத்துக்குப் பதில் எழுதுவது. வருஷத்தில் ஒருமுறை தெருத்தெருவாகப் போய் வீடுகளை எண்ணும் கணக்கெடுப்பு வேறு. நாற்பது நிமிஷப் பாடத்தில் இருபது நிமிஷம் வகுப்பில் நின்றால் அது நல்ல நாள்.

டீச்சரின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனைவி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படம் ஏறுகிறதா என்று பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “பொண்ணு டீச்சர்னுதான் உங்க வீட்ல சொன்னாங்க. போட்டோகிராபர்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கு வெளியாளைக் கூப்பிட்டே இருக்க மாட்டோமே.”

இத்தனைக்கும் நடுவில், யாரும் கொடுக்காமல் அவளாக எடுத்துக்கொண்ட வேலை ஒன்று இருந்தது. ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் சில நாள் வராவிட்டால் பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்குப் போவாள். நீளமாக ஒன்றும் பேச மாட்டாள். போய் நிற்பாள், அவ்வளவுதான். டீச்சர் வாசலில் வந்து நின்றால் அந்தத் தெருவே எட்டிப் பார்க்கும். அதற்கே பாதிப் பேர் மறுநாள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள்.

போன வருஷம் சில்வண்டும் அப்படி ஒருமுறை நின்றுபோனாள். மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு பெயின்டர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் வீடு ஓடாது என்று, மகளைத் தன் அக்காவின் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு அனுப்ப அவன் முடிவு செய்திருந்தான். அன்று டீச்சர் போய் வாசலில் நின்றபோது கையில் இருந்த பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தான்.

“உங்க பொண்ணு வராம எனக்குப் பாடம் நடத்த போர் அடிக்குதுங்க” என்றாள் டீச்சர்.

அவன் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தான். “அவ்ளோ நல்லாவா படிக்கிறா?”

“எனக்கே சில நேரம் பயமா இருக்கு. தப்பா சொல்லிக் குடுத்துடுவேனோன்னு.”

அவன் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. அவனைப் புகழ்ந்ததுபோல. மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே சில்வண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவ்வளவில் முடிந்தது.

இந்த வருஷம் ஆசிரியர் சங்கம் விழித்துக்கொண்டது. பாடம் நடத்துவதைத் தவிர மற்ற வேலைகளுக்கு ஒரு எல்லை வேண்டும் என்று மனு எழுதினார்கள். மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர் ஊராக ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பள்ளிக்கு ஒருவர் பேச வேண்டும் என்றபோது, உடற்பயிற்சி ஆசிரியர் விசில் சார் கணக்கு டீச்சரை மேடைப் பக்கம் தள்ளிவிட்டார். “நம்ம ஸ்கூல்ல வாய் இருக்கறது உங்களுக்குத்தான். என்கிட்ட விசில்தான் இருக்கு.”

அவள் ஏறினாள். கழிப்பறைப் படத்தைப் பற்றிச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. செருப்பளவைச் சொன்னதும் கைதட்டியது. கைதட்டல் என்பது கள் மாதிரி, ஒரு மடக்கு போனால் அடுத்ததைக் கேட்கும். சொல்வதற்கு வைத்திருந்ததெல்லாம் தீர்ந்த பிறகும் அவளுக்கு இறங்க மனம் வரவில்லை.

“ஒரு பிள்ளை ஸ்கூலுக்கு வரலைன்னா, தேடிப் போறதும் நான்தான்! அப்பன்காரன் பெயின்டர், வேலையில்லாம வீட்ல குந்திக்கிட்டுப் பொண்ணை வேலைக்கு அனுப்பறான். அவன் வாசல்ல போய்க் கைகட்டி நிக்கறதும் நான்தான்! கேக்கறேன், நான் டீச்சரா, போலீஸா?”

மைதானம் அதிர்ந்தது. ‘டீச்சரா, போலீஸா?’ என்பதை முன்வரிசையில் ஒருவர் கோஷமாக எடுக்க, பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. மறுநாள் செய்தித்தாளில் அவள் படத்துக்குக் கீழே அதே வரி. அன்று பேருந்தில் நடத்துனர்கூட, “டீச்சரா போலீஸா, டிக்கெட் எங்கே?” என்று கிண்டலடித்தார்.

அவள் கைகட்டி நின்றதில்லை. போவது பாரம் என்று அதற்குமுன் நினைத்ததும் இல்லை. மேடையில் வார்த்தை அப்படி வந்து விழுந்தது, அவ்வளவுதான். இறங்கி வரும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. விசில் சார் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அது எங்கேயோ போய்விட்டது.

சங்கம் விடவில்லை. எந்தப் படமும் எந்தக் கணக்கும் அனுப்புவதில்லை என்று எல்லோரும் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேலிடம் மிரட்டியது, கெஞ்சியது, கடைசியில் இறங்கி வந்தது. ஆசிரியர்களின் கற்பித்தல் சாராப் பணிகளை வரையறுத்து உத்தரவு வெளியானது. அன்று ஆசிரியர் அறைக்கு விசில் சார் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். கணக்கு டீச்சரின் டீயில் மட்டும் அவரே கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டார்.

டீ ஆறுவதற்குள் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். பெரிய சார் என்றால் பெயருக்கேற்ற உடம்பு, ஆனால் எலி வாசலில் ஓடினாலும் எழுந்து நிற்கிற சுபாவம். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரைக்கும் எந்தக் காகிதமும் தன்னைக் கடித்துவிடக் கூடாது என்பது ஒன்றே அவர் கவலை.

“உத்தரவு வந்தாச்சு. கூடவே இணைப்பு ஒண்ணும் வந்திருக்கு” என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

அவர் வாசிக்க வாசிக்க அறை அடங்கியது. கழிப்பறைப் படம், தொட்டிப் படம், செருப்பளவு, எடை, உயரம் எல்லாம் ‘கற்பித்தலுக்குத் துணைநிற்கும் பணிகள்’ என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு அப்படியே இருந்தன. வீடு எண்ணும் கணக்கெடுப்பு ‘பொதுக் கடமை’ ஆகியிருந்தது. பிறகு, ஆசிரியர்கள் இனிமேல் செய்யவே கூடாதவை. பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்வது. பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. மாணவர்களின் இல்லங்களுக்குச் செல்வது.

“கடைசியா சொன்னதைத் திரும்ப வாசிங்க சார்” என்றாள் கணக்கு டீச்சர்.

அவர் திரும்ப வாசித்துவிட்டு அடுத்த வரிக்கும் போனார். “மாணவர் வராவிட்டால் உதவி மையத்துக்கு போன் செய்து தெரிவிக்கணும். அவங்க பாத்துப்பாங்க. நீங்க மீட்டிங்ல பேசினது மனுவோட சேர்ந்து போயிருக்கும்மா. ‘ஆசிரியர்களே முன்வைத்த கோரிக்கை’ன்னு கீழேயே போட்டிருக்கு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“இது எப்படி சார் நியாயம்? போட்டோ வேலையை நீக்கச் சொன்னா அதை வச்சுட்டு மத்ததை எடுத்துட்டாங்க!” என்று விசில் சார் குதித்தார்.

“நான் என்னய்யா பண்றது? நான் வாசிக்கிற ஆளு. எழுதின ஆளு இல்ல.”

எழுதின ஆளின் மனசு யோசித்தால் புரிகிறதுதான். படத்தை எடுத்தால் இத்தனை படம் வந்தது என்று மேலே காட்டலாம். ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்றதை எந்தக் கட்டத்தில் போட்டு யாருக்குக் காட்டுவது? பயன்படாத மரத்தை வெட்டச் சொன்னால், தங்களால் ஏறிப் பறிக்க முடியாத காய்மரத்தை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இதில் இன்னொரு கூத்து. ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் சாராத வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை என்று வாராவாரம் ஒருவர் உறுதிமொழி ஏற்றி அனுப்ப வேண்டும். அதையும் பெரிய சார் கணக்கு டீச்சரிடமே கொடுத்தார். “உங்க போன்லதானே நல்லா விழுது.”

உத்தரவு வெறும் காகிதமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மாதமே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மைதானத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொள்ள, விசில் சார் யோசிக்காமல் தன் வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மறுவாரம் அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. தடை செய்யப்பட்ட பணியை ஏன் செய்தீர்? அவர் வாயிலிருந்து விசில் கூட வரவில்லை. “புண்ணுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிருந்தா பாராட்டுக் கடிதம் வந்திருக்கும்போல” என்று மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. கணக்கு டீச்சருக்கும்தான்.

அந்தச் சமயத்தில்தான் சில்வண்டு வருவதை நிறுத்தினாள்.

முதல் நாள் காய்ச்சலாக இருக்கும் என்று டீச்சர் நினைத்தாள். அப்புறம் விசாரித்தாள். அதே தெருப்பிள்ளை ஒருத்தி எழுந்து, “அவங்க அப்பாவுக்கு மறுபடி வேலை இல்ல டீச்சர்” என்றாள். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளைப் பெரிய சார் வராந்தாவில் மறித்தார்.

“அந்தப் பக்கம் போறீங்களாம்மா? உங்க வீடு இந்தப் பக்கம்ல?”

“ஒரு பிள்ளையைப் பாத்துட்டு...”

“வேணாம்மா. உங்க முகம் பேப்பர்ல வந்த முகம். நீங்களே கேட்டு வாங்கின உத்தரவை நீங்களே மீறினீங்கன்னா மேல என்னைப் பிச்சு எடுத்துருவாங்க. போன் பண்ணிச் சொல்லிடுங்க. அவங்க பாத்துப்பாங்க.”

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுக்கு வந்து உதவி மையத்துக்குப் போன் செய்தாள். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு பெண் குரல் பெயர், வகுப்பு எல்லாம் கேட்டுக்கொண்டு, புகார் பதிவாகிவிட்டது என்று இனிமையாகச் சொன்னது. சில நாள் கழித்து டீச்சரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் இடுங்கள்.’

அவள் வகுப்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். முன்வரிசையில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. திரும்பப் போன் செய்தாள்.

“வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டோம் மேடம். எடுக்கலை. மூணு தடவை எடுக்கலைன்னா சிஸ்டமே முடிச்சிடும்.”

“முடிச்சிடும்னா? பிள்ளை வரலையேம்மா!”

“புதுசா ஒரு புகார் பதிஞ்சிடவா மேடம்?”

இப்படியே நாள் ஓடியது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று ஒவ்வொரு சாயங்காலமும் நினைப்பாள். விசில் சாருக்கு வந்த ஓலை கண்முன் வரும். வேலை போய்விடாது என்று தெரியும், ஆனாலும் பயம் என்பது தெரிந்தா வருகிறது? கணவர் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போகணும்னா போ. போகலைன்னா நிம்மதியா சாப்பிடு. ரெண்டும் இல்லாம தட்டுல கோலம் போட்டுட்டு இருக்காதே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள். விடுமுறை நாளில் எங்கே போனால் யாருக்கு என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெயின்டர் வாசல்படியில் உட்கார்ந்து பழைய பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் போன வருஷம் மாதிரி எழுந்திருக்கவில்லை. பீடியை மறைக்கவும் இல்லை.

“வாங்க டீச்சர்” என்றான். “இல்ல, போலீஸுன்னு சொல்லணுமா?”

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

“அது ஏதோ மேடையில...”

“அப்பன்காரன் பெயின்டர், வீட்ல குந்திக்கிட்டுப் பொண்ணை வேலைக்கு அனுப்பறான். பேர்தான் சொல்லலை. இந்தத் தெருவுல எத்தனை பெயின்டர் இருக்கான் டீச்சர்? போன்ல உங்க பேச்சைப் போட்டுப் போட்டுக் கேட்டாங்க. டீக்கடைக்குப் போக முடியலை எனக்கு. அப்போ ஒரு நல்ல வேலையில இருந்தேன். நாலு பேர் சிரிச்சான், ஒருத்தனை அடிச்சேன், வேலை போச்சு.”

உள்ளேயிருந்து மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெளுப்பு மருந்து தின்று விரல்நுனியெல்லாம் உரிந்திருந்தது. “நீ சும்மா இருய்யா. வீட்டுக்கு வந்தவங்களை நிக்க வச்சுப் பேசிட்டு.” பிறகு டீச்சரிடம் திரும்பினாள். “அவ மொதல் ஒரு வாரம் போகவே மாட்டேன்னு அடம் பிடிச்சா டீச்சர். எங்க டீச்சர் வருவாங்க, வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு. தெனம் சாயங்காலம் அந்தத் திருப்பத்துல போய் நின்னுட்டு வருவா. இந்த மனுஷன்கூட, அந்தம்மா வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், அனுப்பறேன்னுதான் சொன்னார். வாய்தான் இவருக்கு. யாரும் வரலை. அப்புறம் அவளே எழுந்து அத்தையோட போய்ட்டா.”

பெயின்டர் பிரஷ்ஷைத் தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். கேட்காதவன் போல.

டீச்சர் நேரே அத்தையின் பட்டறைக்குப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு கிடங்கின் பாதியைத் தடுத்துக் கட்டியது அது. ஞாயிறும் ஓடியது. பசை கொதிக்கும் புளிப்பு வாசம் வாசலிலேயே முகத்தில் அடித்தது. நான்கைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து அட்டையை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு நீண்ட மேஜை. அதன் மேல் பெரிய அட்டைத்தாளை விரித்து, மரச்சட்டத்தை வைத்துச் சில்வண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தது. அதனாலேயே டீச்சருக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

அத்தைக்காரி நல்ல மனுஷிதான். மறைக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. “உங்க புண்ணியம் டீச்சர்! ஒரு தாள்ல அஞ்சு பெட்டிதான் வெட்டிட்டு இருந்தோம், இத்தனை வருஷமா. இவ வந்து திருப்பித் திருப்பிக் கோடு போட்டு ஆறு எடுத்துட்டா. பசை தொட விடறதில்ல நான். இந்த மேஜைதான் இவளுக்கு. என்ன சொல்லிக் குடுத்தீங்களோ, நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

டீச்சர் வாழ்நாளில் கேட்ட பாராட்டுகளிலேயே கொடியது அது.

“சில்வண்டு” என்றாள்.

பெண் சட்டத்தை நகர்த்தாமல் நிமிர்ந்தாள். “வாங்க டீச்சர். உக்காருங்க. ஸ்டூல் போடட்டுமா?” வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெரிய மனுஷிகள் பேசுகிற பேச்சு.

“ஸ்கூலுக்கு வாடி. நான் அப்பாகிட்ட பேசறேன்.”

“சரி டீச்சர்.”

அவ்வளவுதான் பதில். வாய் ஓயாத பெண் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சருக்குத் தாங்கவில்லை. “என்மேல கோவமா?”

“இல்ல டீச்சர். நீங்க வருவீங்கன்னு அப்பாகிட்ட பந்தயம் கட்டியிருந்தேன்.”

“என்ன பந்தயம்?”

“விடுங்க டீச்சர். தோத்தாச்சு.” மறுபடி குனிந்து கோட்டைத் தொடர்ந்தாள்.

டீச்சர் விடவில்லை. அத்தையோடு வாதாடினாள், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைச் சொன்னாள், திரும்பப் பெயின்டர் வாசலுக்கு வந்து, தெரு பார்க்க மன்னிப்புக் கேட்டாள். தெரு கேட்ட வசவைத் தெரு கேட்கவே திருப்பி எடுத்தாள். அவன் கடைசியில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, “புதன்கிழமை அனுப்பறேன். நீங்க இருப்பீங்கல்ல?” என்றான்.

“நான் இல்லாம வேற எங்க போவேன்?”

திங்கட்கிழமை பள்ளிக்குள் நுழையும்போதே பெரிய சார் காகிதத்தோடு நின்றார். வீடு எண்ணும் கணக்கெடுப்பு. செவ்வாயிலிருந்து வாரம் முழுக்க. நகரத்தின் மறுகோடியில் அவளுக்குத் தெருக்கள் ஒதுக்கியிருந்தார்கள்.

“இந்த வாரம் மட்டும் வேற யாரையாவது போடுங்க சார். கால்ல விழறேன்.”

“பேர் மேலேருந்தே வந்திருக்கும்மா. இது பொதுக் கடமை. மறுத்தா சஸ்பென்ஷன்.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் முன்பின் தெரியாத ஒரு தெருவில், முன்பின் தெரியாத ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த நகரத்தில் எந்த வீட்டுக் கதவையும் தட்டச் சொல்லி அவளுக்கு உத்தரவு இருந்தது, அவள் பிள்ளைகளின் கதவைத் தவிர. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டதற்குப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே வந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

நடுவில் விசில் சாருக்குப் போன் செய்தாள். “வந்திருக்காளா சார்?”

“வந்திருக்கா டீச்சர். முன்வரிசையிலதான் உக்காந்திருக்கா.”

“வகுப்புல யாரு?”

“யாரும் இல்ல. சத்தம் போடாம பாத்துக்கச் சொல்லி என்னை விட்டிருக்காங்க. எனக்கு என்ன தெரியும், கையை மேல தூக்கு, கீழ போடுன்னு சொல்லிட்டு இருக்கேன்.”

சில்வண்டு வியாழனும் வந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை இருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு விசில் சாரிடம் போய், “நான் கிளம்பறேன் சார். அங்க தாள் சேர்ந்து கிடக்கும்” என்று சொன்னாளாம். டீச்சர் வந்துவிடுவார், திங்கட்கிழமை வரைக்கும் இரு என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “இங்க உக்காந்தா கை சும்மா இருக்கு சார்” என்றாளாம்.

அந்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் டீச்சர் பட்டறைக்குப் போனாள். தொழிலாளர் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டாள். அங்கிருந்து ஆள் வருகிறார்கள் என்று காற்றுவாக்கில் தெரிந்ததும், அத்தைக்காரி மேஜை, மரச்சட்டம், பெண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு ஊரில் இருந்த இன்னொரு பட்டறைக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று பெயின்டர் சொல்லவில்லை. அவன் மனைவி சொல்ல வாயெடுத்தாள், அவன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதின கடிதம் மேலிடம் வரை போய், டீச்சருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. விடுமுறை நாளில் மாணவர் இல்லத்துக்குச் சென்றது ஏன்? அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: ‘தாமதமாகச் சென்றதற்கு வருந்துகிறேன்.’ பெரிய சார் அதைப் படித்துவிட்டு, இது பதிலாகாது என்று வேறொன்றை எழுதித் தந்தார். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவரே மனசுக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு அந்த ஒற்றை வரியை அனுப்பிவைத்தார். ஊதிய உயர்வை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள்.

ஆண்டு முடிவில் சங்கம் பாராட்டு விழா நடத்தியது. உத்தரவைப் பெற்றுத்தந்த போராளிகள் என்று பெயர் போட்டு அழைப்பிதழ். விசில் சார் வரமாட்டேன் என்றுவிட்டார். கணக்கு டீச்சர் போனாள். சொல்ல வேண்டியது இருந்தது.

“நான் அன்னைக்கு இதே மைக்ல ஒரு பொய் சொன்னேன்” என்று தொடங்கினாள். “பிள்ளையைத் தேடிப் போறது பாரம்னு சொன்னேன். அது ஒண்ணுதான் நான் செஞ்சதுல டீச்சர் வேலை. அதைப் பாரம்னு சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அவங்க அதை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்க. நாம ஜெயிக்கலை. ஒரு பொண்ணு போய்ட்டா.”

சங்கத் தலைவர் மைக்கை வாங்கி, “பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார். கைதட்டல் எழுந்தது. போன தடவையைவிடப் பலமாக. பின்வரிசையில் யாரோ பழைய ஞாபகத்தில், “டீச்சரா, போலீஸா!” என்று குரல் கொடுத்தார்கள்.

வீட்டில் கணவர் கேட்டார்: “என்ன சொன்னே? என்ன சொன்னாங்க?”

“சொன்னேன். தட்டினாங்க.”

அவர் கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புது வருஷம் பள்ளி திறந்து சில வாரத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வராமல் போனான். இரும்புக்கடையில் மூட்டை தூக்குகிறவரின் மகன், கணக்கில் சுமார்தான். கணக்கு டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை, எந்த எண்ணுக்கும் போன் செய்யவில்லை. காலையில் பள்ளிக்குப் போகிற வழியைவிட்டுத் திரும்பி அந்தத் தெருவுக்குள் நடந்தாள்.

கதவைத் திறந்த அப்பாக்காரர் திடுக்கிட்டுப் போனார். சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டே, “டீச்சர்மாருங்க வீட்டுக்கு வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காங்களாமே?” என்றார்.

“ஆமாங்க. போட்டிருக்காங்க. குடிக்கத் தண்ணி குடுங்க.”

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். யாரோ ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து மெதுவாகக் குடித்தாள். உள்ளே பாத்திரம் உருண்டது. “எங்கடா பை? எழுந்திருடா, டீச்சர் வந்து உக்காந்திருக்காங்க!” என்று அம்மாக்காரி அதட்டுவது கேட்டது. சொம்பு காலியாவதற்குள் பையன் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி வெளியே வந்து நின்றான். முகம்கூட ஒழுங்காகக் கழுவவில்லை.

இவ்வளவு நேரம்தான். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம். அந்த நேரத்தைத்தான் அவளால் அன்று கொடுக்க முடியாமல் போயிற்று.

அவள் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். பையனை முன்னால் நடக்கவிட்டுப் பள்ளிப் பக்கம் திரும்பினாள்.